ஆறுமுகம் இழுத்த முதல் மூச்சு

26.4.1981, ஞாயிறு

பழைய இரும்புக் கடையில் எங்கள் ஆலை ஃபிட்டர் ஆறுமுகம் கண்டெடுத்த ரெகுலேட்டருக்கு இன்று சோதனை. தண்ணீருக்குள் முங்குபவருக்கு சிலிண்டர் காற்றை அளந்து தரும் கருவி அது. இற்றுப்போன சவ்வுக்குப் பதிலாகத் தன் குழந்தையின் ரப்பர் ஷீட்டை வெட்டிப் பொருத்தியிருக்கிறார். நீச்சல் தெரிந்த நான்தான் இறங்குவதாக இருந்தது. அவர் விடவில்லை.

“நான் கோத்ததுங்க. கோளாறுன்னா எனக்கு ஆவட்டும்.”

நீச்சலே தெரியாத மனிதர், நீச்சல் குளத்து ஏணியைப் பிடித்துக்கொண்டு முங்கினார். குமிழிகள் வந்தன. திடீரென்று நின்றுபோயின. நான் குதிக்கப் போனேன். கையை மட்டும் வெளியே தூக்கி, பொறு என்று காட்டினார். மறுபடி குமிழி.

எழுந்ததும் சொன்னார்: “மூச்சு வுடறப்ப கொஞ்சம் இறுக்குதுங்க. சரி பண்ணிடறேன், அப்பறம் நீங்க எறங்குங்க.”

ஏழு வருஷமாக ஒரே ஷிஃப்ட். இந்த மனிதரை ஒரு நாள்கூட நான் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.