வரிசை மாற்றிக் கூப்பிட்டேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்களுக்கு எப்போதும் நினைப்பு. போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய், போனில் ஆரம்பித்தால் பாதியில் மழுப்பிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. போன மாதம் அம்மா பிரசவத்துக்கு வருகிறேன் என்றபோது, கைப்பிள்ளையை விட்டுவிட்டு ஒரு வருடம் போனவர்கள் இப்போது என் பிள்ளையைப் பார்க்க வர வேண்டாம் என்று சொன்னாய் அல்லவா, அவள் போனை வைத்துவிட்டு, கட்டில் மேல் எடுத்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அலமாரியில் அடுக்கினாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை, ஏனென்றால் நீ கோபப்பட வேண்டிய ஆள் அவள் இல்லை, நான்.

என் வேலை பற்றி உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அரசாங்கப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், அதில் காசநோய்ப் பிரிவு, காலையில் பதிவேடு எழுதுவேன், மத்தியானத்துக்கு மேல் நோயாளிகள் வீடு வீடாகப் போய் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று எண்ணிப் பார்ப்பேன், தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரே மாத்திரை மாமா. அப்போதெல்லாம் அந்த நோய் என்றாலே ஆளைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பார்கள். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா, கூட இருக்கும் குழந்தை குட்டிகளுக்குத் தொற்றுமா, அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் ஆராய்ச்சி. யார் வீட்டில், யார் ஆஸ்பத்திரியில் என்பதை டாக்டரும் முடிவு செய்யக் கூடாது, நோயாளியும் முடிவு செய்யக் கூடாது. ஒட்டிய கவர்கள் எண் போட்டு என் மேஜை இழுப்பறையில் இருக்கும், வந்த வரிசைப்படி ஆளைக் கூப்பிட்டு அடுத்த கவரை டாக்டரிடம் நீட்டுவேன், அவர் பிரித்துப் படிப்பார். அம்மாவுக்கு நோய் வந்தபோது நமக்கும் அதே விதிதான், அவளும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று பெஞ்சில் முதல் ஆள் உன் அம்மா, அடுத்தவள் இடுப்பில் பிள்ளையோடு ஒரு தையல்காரம்மா. கவர் மெல்லிசுத் தாள், டாக்டர் வருவதற்குள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே இருந்ததில் வீடு, அதற்கு அடுத்ததில் ஆஸ்பத்திரி. உனக்கு அப்போது பத்து மாதம், ராப்பகல் அவள் மார்போடு கிடப்பாய், உனக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வேன் என்று பயந்துவிட்டேன். தையல்காரம்மாவை முதலில் கூப்பிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒரு பெயரை முன்னால் எழுதி ஒரு பெயரைப் பின்னால் எழுதினேன். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டிருக்கலாம், அம்மாதான் விட்டுவிட்டுப் போனாள் என்று, அப்போது உன்னை வைத்து வளர்த்த அத்தை உன்னிடம் சொன்னது பாதி உண்மை, வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் உன் அம்மா தானாகப் போகவில்லை. அந்த ஒரு வருடமும் தையல்காரம்மா வீட்டில் மாத்திரை எண்ணப் போனதும் நான்தான். நம் வீட்டுக்கு வர வேண்டிய கவர் அங்கே இருந்தது. அவள் மிஷின் மிதிக்க, காலடியில் அந்தப் பிள்ளை தவழ்ந்து, எழுந்து, நடந்ததை எல்லாம் பார்த்தேன். உன் அம்மா குணமாகித் திரும்பியபோது நீ யாரோ வந்திருப்பது போல அத்தை பின்னால் போய் ஒளிந்துகொண்டாய்.

ஐந்து வருடம் கழித்து முடிவு வந்தது. தொற்றுவது பெரும்பாலும் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே தொற்றிவிடுகிறது, மருந்து உள்ளே போன பிறகு கூட இருப்பதால் கூடுதல் ஆபத்து இல்லை. அதன் பிறகு எத்தனையோ ஊர்களில் தாயையும் பிள்ளையையும் பிரிப்பதை நிறுத்தினார்கள், எங்கள் நிலையம் செய்ததில் நான் தலை நிமிர்ந்து சொல்லக்கூடியது அதுதான், அதிலேயே இருந்துகொண்டு அதை நம்பாமல் போனவனும் நான்தான். போன வாரம் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு இப்போதைய இயக்குநரம்மாவைப் பார்த்தேன். அவர் இரண்டு முறை படித்தார், இரண்டு பேர் இடம் மாறியதால் ஆராய்ச்சியின் முடிவு மாறாது, இருந்தாலும் பதிவேட்டில் குறிப்பு வைக்கிறேன் என்றார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முடிவு மாறாதாம், நம் வீட்டில் மாறியதை எந்தப் பதிவேட்டில் திருத்துவது.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன், இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "அப்ப நான் வீட்லயே இருந்திருக்கலாம்" என்றாள். ஆமாம் என்றேன். "இத்தனை வருஷம், நான் பிள்ளைக்கு ஆகாதவள்னு என் தலையில எழுதியிருக்குன்னு நினைச்சிட்டு இருந்தேங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் நான் என்ன எழுத.

அவளை வரச் சொல் கண்ணு. அவள் மட்டும் வரட்டும், நான் வரவில்லை, கூப்பிடவும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாள் கூட விடாதே, கால் வீக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல், மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். தாயும் பிள்ளையும் வேறாய் நல்லபடியாகப் பிழைத்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் முதலில் அவள் கையில் கொடு, நீ கண் விழிக்கும்போது உன் அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

மன்னிப்பு கேட்க வாய் வராத,
உன் அப்பா.