தையல் பிரித்த குண்டுப் பை

லாரல் ஓடை, கென்டக்கி
ஆகஸ்ட் 9

அன்புச் சகோதரர் ஆம்ப்ரோஸுக்கு,

நெட்டி எழுதுகிறேன். வெர்லினும் நானும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், கர்த்தர் கிருபை. நீங்கள் ஐடஹோவிலிருந்து அனுப்பிய பொட்டலம் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை மாதம் ஆனதற்கு மன்னியுங்கள். முதலில் கோபத்தில் எழுதவில்லை. பிறகு விரல் முழுக்கக் குத்தூசிக் காயம், பேனா பிடிக்க முடியவில்லை.

கோபம் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் விறகு பிளக்கப் போன இடத்தில் இவர் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. செப்டம்பரில் நடக்கும் பழங்காலத் துப்பாக்கிப் போட்டிக்கு என்று பத்தொன்பது பேருக்கு, ஈயக் குண்டு போட்டு இடுப்பில் வைக்கும் தோல் குண்டுப் பை செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் நான்தான் எழுதினேன், இனி முடியாது என்று. எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நீங்கள் மட்டும், இருபத்திரண்டு வருடம் முன்பு இவர் உங்களுக்குச் செய்து கொடுத்த பையையே திருப்பி அனுப்பியிருந்தீர்கள். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "நெட்டி, தையலைப் பிரிச்சுப் பாரு. எப்படிச் செஞ்சான்னு அதுவே சொல்லும். எனக்கு இனி இது தேவைப்படாது."

கரண்டி பிடிக்க முடியாத மனிதனுக்குத் தோல் அனுப்புகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாவு அலமாரியில் தூக்கிப் போட்டேன். ஒருநாள் சோள ரொட்டி சுட மாவு எடுக்கையில் அது கீழே விழுந்தது. இவர் இடது கையால் எடுத்து முகர்ந்து பார்த்தார். ஈய வாசனையும் தேன்மெழுகு வாசனையும் இன்னும் இருந்தன போல. மடியில் வைத்துக்கொண்டு அழுதார். விழுந்த பிறகு இவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அன்றே பிளேடை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தேன். இவர் என் கையைப் பிடித்தார். வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். இல்லை, தோலில் படாமல் நூலில் மட்டும் படும்படி பிளேடைத் திருப்பிவிட்டார்.

நான் செய்த முதல் பையைப் பற்றி என்ன சொல்ல! உள்பக்கம் வெளியே இருக்கத் தைத்து, அந்தச் சின்ன வாய் வழியாகக் கரண்டிக் காம்பை விட்டுப் புரட்டி எடுக்க வேண்டுமே, அதில் பையின் கழுத்தே கிழிந்துவிட்டது. உருவம் நிற்க ஈரத்தோடு மணல் நிரப்பினேன், மணலெல்லாம் தரையில். பக்கத்து வீட்டு டல்சி வந்து பார்த்துவிட்டு, "ஏன்டி நெட்டி, இது குண்டுப் பையா, செத்த தவளையா?" என்றாள். இவர் சிரித்தார், ஆம்ப்ரோஸ். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனாலும், அது இவருடைய சிரிப்பேதான்.

ஜூலையில் ஒரு காலை. மான் தோலை இவர் இடது கையால் அழுத்திப் பிடிக்க, நான் நூலை இழுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "மெதுவா" என்றார். ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை. என் பெயராக இருந்திருக்கலாம்தான். ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முற்றத்துக்கு ஓடினேன், அங்கே யாரும் இல்லை, கோழிகளிடம் சொன்னேன். மறுவாரம் "தப்பு" வந்தது. இப்போது வீட்டில் நாள் முழுக்க "தப்பு, தப்பு"தான்.

பதினொரு பை முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஈயக் குண்டுகளைப் போட்டு உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்ப்பார். ஒவ்வொன்றாக விழ வேண்டும். இரண்டு சேர்ந்து விழுந்தால் பை என் மேலேயே பறந்து வரும். பிரித்த உங்கள் பையையும் பழைய துளைகளிலேயே புது நூல் கோத்துத் தைத்துவிட்டேன். அது ஒரே தடவையில் தேறியது.

உங்கள் மகள் கார்லீன் செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் பேசினாள். உங்கள் நோயைப் பற்றி நீங்கள் சொல்லாததை அவள் சொன்னாள். துப்பாக்கியைக்கூட மருமகனுக்குக் கொடுத்துவிட்டீர்களாமே. அந்தக் காகிதத்தின் கடைசி வரியை நான் ஏதோ மரியாதைக்கு எழுதியது என்று வாசித்துவிட்டேன். இவரிடம் சொன்னேன். அன்று முழுக்க நாங்கள் இருவரும் ஊசியைத் தொடவில்லை.

அதனால் உங்கள் பையை நான் தபாலில் அனுப்பப்போவதில்லை. போட்டிக்கு நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சுட வேண்டாம், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். பயணம் முடியாது என்றால் ஒரு வரி எழுதுங்கள். மூன்று நாள் வழியானாலும் டல்சியின் அண்ணன் வண்டியில் நாங்கள் வருகிறோம்.

இவர் தினமும் காலையில் உங்கள் பெயரைச் சொல்லிப் பழகுகிறார். "ஆம்" வரை வருகிறது, அதற்குள் மூச்சு வாங்குகிறது. இன்னும் கொஞ்ச நாளில் முழுசாகச் சொல்லிவிடுவார். அதைக் கேட்க நீங்கள் இருக்க வேண்டும், சகோதரரே. கர்த்தர் அதுவரை உங்களைத் தாங்கட்டும்.

நன்றியோடு,
நெட்டி ஸ்டாம்பர்