நீ மட்டும் பார்த்த விரிசல்

காலையில் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது தடதடவென்று ஆடி, சுவரை விட்டு நகர்ந்து வந்தது. "அடியில ஒரு அட்டைய சொருவு, நின்னுடும்" என்றாள் என் மனைவி. சொருகினேன். ஆட்டம் நின்றது. நின்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்று அவளிடம் சொல்ல முடியவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயோ போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது.

உத்திரமேரூர்ப் பக்கம் அந்த வறண்ட ஏரி உனக்கு மறந்திருக்காது. பறக்கும்போதே என்ஜின் உதறியதால், நம் பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானத்தை பைலட் பெண் அதில் இறக்கியிருந்தாள். நீ மாகறல், நான் புள்ளலூர். அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் என்று நம் இருவரையும் அனுப்பினார்கள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும், அதற்குள் கிளப்பியாக வேண்டும். ஆடு மேய்க்க வந்தவர் வேறு, "இன்னாப்பா, சீக்கிரம் ஓட்டிக்கினு போங்க, ஆடு மெரளுது" என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

என்ஜினை ஓட்டி, பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஆட்டம் மாறவில்லை. அப்படியானால் மூக்கில் சுழலும் புரொப்பெல்லர்தான் என்று முடிவுகட்டி, அதைக் கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டினேன். பாதிக்குமேல் அடங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வேலை செய்தவன் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவன் ஒரு கையெழுத்து, இரண்டும் விழுந்தால்தான் விமானம் கிளம்பலாம். என்னுடையதைப் போட்டு நோட்டை உன்னிடம் நீட்டினேன். அந்தப் பெண் ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிவிட்டாள்.

நீ பேனாவை வாங்கவில்லை.

"கொறைஞ்சிகீது, சரி. இன்னாத்துக்கு ஆடிச்சுன்னு தெர்லியே."

"புரொப்பெல்லர்தான்டா. மழ வருது, போடு."

"எனுக்கு பயமா கீதுடா."

இருபது வருஷ மெக்கானிக் பேசுகிற பேச்சா இது என்று கிண்டல் செய்தேன். நீ டார்ச்சோடு என்ஜினுக்கு அடியில் மல்லாந்து படுத்தாய். என்ஜினை விமானத்தோடு பிடித்து நிறுத்தும் இரும்புக் குழாய்களைப் பழைய பனியன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனாய். ஒரு வெல்டிங் ஓரத்தில் துணியின் நூல் சிக்கிக்கொண்டது. என் விரலை இழுத்து அங்கே வைத்தாய். நகம் உள்ளே இறங்கியது. பாதிச் சுற்றுக்கு விரிசல். மேலே போயிருந்தால் என்ஜின் பிய்த்துக்கொண்டு விழுந்திருக்கும், அவள் பிழைத்திருக்க மாட்டாள்.

நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். அவள் இறங்கி வந்து கேட்டபோது நீ சொன்னாய்: "ரெண்டு பேரும் பாத்தோம்மா, கொழாய்ல விரிசல் கீது. இது பறக்காது." ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினாய். விமானம் இறக்கை கழற்றி லாரியில் போனது. அதற்கப்புறம் நாம் அதைப் பேசவே இல்லை.

உன் காரியத்துக்கு அந்த பைலட் பெண் வந்திருந்தாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் இல்லண்ணா" என்று அழுதாள். உன் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். "அவன் மட்டும்தான் பாத்தான், நான் உன்ன அனுப்பக் கையெழுத்துப் போட்டவன்" என்று அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "இருக்கட்டும்மா" என்றுதான் வந்தது.

உன் இடத்துக்கு ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். அந்த ரிப்போர்ட்டைப் படித்திருக்கிறார் போலிருக்கிறது. "நீங்க பாத்தா சரியாத்தான்ணே இருக்கும்" என்று, நான் நோட்டை நீட்டியதுமே கையெழுத்துப் போட்டுவிடுகிறார். நேற்றும் அப்படிப் போட்டார். பயிற்சிக்கு வந்த ஒருவரோடு விமானம் ஏறிப் போனது. அது திரும்பி இறங்கும்வரை ஓடுதளத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரிசலைப் பார்த்தது நீ மட்டும்தான் என்று, உன் இடத்துக்கு வந்தவரிடம் இன்னும் சொல்லவில்லை.