வெறும் குழாய்

காலையில் பீரோவைத் திறந்தேன். நீ கொடுத்த பட்டுப்புடவையில் ஓர் ஓரமாக ஜரிகை பிரிந்திருந்தது. வெள்ளி இழைக்குள்ளிருந்து சிவப்பு நூல் எட்டிப் பார்த்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், உலையைக்கூட மறந்து.

உங்கள் வீட்டில் ஜரிகை வியாபாரம். "சுத்த ஜரிகைன்னா உள்ள சிவப்புப் பட்டு நூல் இருக்கணும்பா. எங்கப்பா பிரிச்சுப் பாக்காம வாங்கினதே இல்ல" என்பாய். அதனால்தானோ என்னவோ, காஞ்சிபுரத்தில் நாம் ஆய்வு மாணவிகளாக இருந்த அந்த நாட்களில், வெள்ளியின் மிகச் சிறு துகள் சிவப்பாக ஒளிரும் என்று படித்தபோது உனக்கு மட்டும் ஆச்சரியமே வரவில்லை.

ஒரு துண்டு டிஎன்ஏவில் அந்த வெள்ளித் துகள்களை உட்காரவைப்போம். நோய்க்குரிய டிஎன்ஏ வந்து ஒட்டினால் ஒளிர வேண்டும், வராவிட்டால் இருட்டு. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, நட்டநடுப் பகலில் இருட்டை உண்டாக்கி, புற ஊதா விளக்கைப் போட்டோம். வெளியே எங்கோ தறிச் சத்தம். குழாய்க்குள் மெல்ல ஒரு சிவப்பு விழித்தது. உன் முகமும் மூக்குத்தியும் ஊதா வெளிச்சத்தில் மிதந்தன. நான் குதித்தேன். நீ குதிக்கவில்லை.

"வெறும் குழாயைப் பாத்தியாமா?"

நோய் டிஎன்ஏ சேர்க்காமல், ஒப்பிட்டுப் பார்க்க வைத்த குழாய் அது. அதுவும் மினுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். "அத மட்டும் தூக்கிப் போடுடி, யாரு கேக்கப்போறாங்க?" என்றேன்.

"இது பொய் சொல்லிக்கினு இருக்குது. நாளைக்கு ஒருத்தியோட ரத்தத்தை இதுல வச்சுப் பாப்பாங்க. இல்லாத வியாதிய இருக்குதுன்னு சொல்லிடும். அவ அழமாட்டாளா?"

பேராசிரியரிடம் காட்ட விடவில்லை நீ; ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை நான். நீ ஒவ்வொரு பாட்டிலாகச் சோதித்துக் கண்டுபிடித்தாய்: நோய் டிஎன்ஏவை எடுத்த அதே பிப்பெட் முனையை மாற்றாமல், எல்லாக் குழாய்க்கும் ஊற்றும் தண்ணீர்ப் பாட்டிலில் நான்தான் விட்டிருக்கிறேன். "புதுத் தண்ணி எடுத்துக்கினு வா" என்றாய், அவ்வளவுதான். அடிப்பாவி, திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்!

பல வருஷம் கழித்து, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு உன் ரத்தமே வந்தது. புற்றுநோய் என்றது முடிவு. போனில் நீ சிரித்தாய்.

"வெறும் குழாய் வச்சியா?"

"வச்சேன்டி."

"எதுக்கும் இன்னொரு தரம் வச்சுப் பாருபா."

வைத்தேன். இப்போதெல்லாம் ஒளியை இயந்திரம் பார்த்துத் திரையில் கோடாகக் காட்டுகிறது. மினுங்கிவிடு, பொய் சொல்லிவிடு என்று அந்த வெறும் குழாயைக் கெஞ்சினேன். உன் கோடு ஏறியது. அதன் கோடு அசையாமல் கிடந்தது.

நீ போன பிறகும் தினமும் முதலில் அதைத்தான் வைக்கிறேன். போன மாதம் ஒரு பெண்ணின் சோதனையில் வெறும் குழாய் மினுங்கிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுத்து வந்து மறுபடி பார்த்தேன். அவளுக்கு வியாதி இல்லை. காகிதத்தைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சிரித்தபடி போனாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.