காலுறைக்குள் ஒன்பது ஓணான்கள்

வத்தேகம
12.11.2017

அன்பு மகள் பாலாம்பிகைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், விடாமல் பெய்கிற மழையும் சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பயந்துவிடாதே. போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், இதை நான் உனக்குச் சொல்வது அவர் காதில் விழக்கூடாது. அலவத்துகொடவில் இருக்கிற றலியா டீச்சரின் மகன் நெதர்லாந்துக்குத் திரும்பிப் போகிறார், அவரிடம் மிளகாய்த்தூளோடும் முறுக்கோடும் இதையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கைத் தின்றுகொண்டே படி.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரர், பறவை பார்க்க வந்தவர் என்று சொல்லி, அப்பாவின் ஆட்டோவை மூன்று நாளுக்குப் பேசிக்கொண்டார். அப்பாவைத்தான் தெரியுமே, ஆள் ஏறினால் வாய் மூடாது. பன்வில தாண்டுவதற்குள், எம் மக ஓணானைப் பத்திப் படிக்கிறா, அதைக் களவாப் பிடிச்சிட்டுப் போயி வெளிநாட்டுல விக்கிறாங்களே, அதைத்தான் ஆராய்ச்சி பண்ணுறா என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். அந்த ஆளும் அப்படியா அப்படியா என்று கேட்டுவிட்டு, மூக்கில் இலை ஒட்டினதுபோல இருக்குமே, அந்த ஓணானை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாராம். பிறகென்ன, நீ வேலை செய்த ஏலக்காய்க் காட்டுக்கே கூட்டிக்கொண்டு போய், நீ எந்த மரத்தடியில் நின்றாய் என்பது வரைக்கும் காட்டியிருக்கிறார்.

மூன்றாம் நாள் திரும்பும்போது அந்த ஆள் பையை ஆட்டோவில் வைத்துவிட்டு இங்கே டவுனில் சாப்பிட இறங்கினார். அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தால், முடிச்சுப் போட்ட காலுறை ஒன்று பைக்கு வெளியே தானாக நகர்கிறதாம். அவிழ்த்தால் உன் ஓணான். இப்படிக் காலுறையில் போட்டுத்தான் கடத்துவார்கள் என்று நீ சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. யோசிக்கவே இல்லை, பையோடு ஆட்டோவைக் கிளப்பிப் பொலிசுக்குப் பறந்துவிட்டார். அந்த ஆள் வாயில் சோற்றோடு ஓடிவந்து கள்ளன் கள்ளன் என்று கத்த, ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் உன் அப்பாவைத் துரத்தினார்கள். இருபது வருசமாக அவரோடு டீ குடிக்கிறவர்கள்! எனக்கும் ஆள் வந்து சொல்ல, நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பொலிசுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் பையைக் கொட்டச் சொன்னார். ஒன்பது காலுறை. ஒரு ஓணான் முறைப்பாட்டுப் புத்தகத்தின் மேலே ஏறி நின்று இன்ஸ்பெக்டரைப் பார்த்து வாயைத் திறந்தது பார், அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு செத்துப்போயிருந்தன. அவற்றை அப்பா கையில் எடுத்து, மூக்கில் இருந்த இலையை விரலால் தடவிப் பார்த்தார்.

இனிமேல்தான் உனக்குச் சொல்ல வேண்டியது. பையின் அடியில் நீ எழுதிய கட்டுரை இருந்தது பிள்ளை. உன் பெயர், காட்டின் பெயர், எந்த ஏலக்காய்த் தோட்டம் என்பது எல்லாம் அதில் இருந்தது, தோட்டத்தின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. அந்த ஆள் வத்தேகமவுக்கு வந்ததே அதைப் படித்துத்தான். வனசீவராசிகள் அதிகாரி வந்து கட்டுரையில் இருந்த உன் பெயரைக் காட்டி இது யார் என்று கேட்டார். அப்பா, எம் மகதாங்க, அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க, கூட்டிட்டுப் போயி இடத்தைக் காட்டினது நான்தான், எம் பேரையே எழுதிக்கிங்க என்று சொன்னார். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. நல்லவேளை, அதிகாரி அந்த வெள்ளைக்காரரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, அப்பாவைச் சாட்சியாகத்தான் எழுதினார். அடுத்த நாள் காலையிலேயே அப்பா அந்த அதிகாரியோடு காட்டுக்குப் போய், அந்த ஆள் குனிந்து நின்ற இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, மிச்சம் ஏழு ஓணான்களையும் அங்கேயே விட்டுவிட்டு, உடம்பு முழுக்க அட்டைக்கடியோடு வந்தார். வந்ததும், பிள்ளைக்குச் சொல்லிறாத, இனிமே எழுதவே பயப்படுவா என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இப்போது யாராவது ஆட்டோவில் ஏறிக் காட்டைப் பற்றிக் கேட்டால், அங்க ஒன்னுமே இல்லைங்க, வெறும் அட்டைதான் என்கிறார்.

சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். நீ பயந்து எழுதாமல் விடுகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் அடுத்ததையும் இதேபோல எழுதுவாய், அதுதான் என் கவலை. அழுதுகொண்டு இருக்காதே, அழுதாலும் சாப்பிட்டுவிட்டு அழு. அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் ஓணான்களை வைத்து விற்கிற சந்தைகளுக்கு ஆராய்ச்சிக்கென்று தனியாகப் போகாதே, துணைக்கு ஆளை வைத்துக்கொள். நான் கும்பிடுகிற கதிர்வேலன் உனக்கு எந்தக் குறையும் வைக்கமாட்டான், நீ நினைத்தது எல்லாம் நடக்கும். அப்பாவிடம் ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அடுத்த கட்டுரையில் காட்டின் பெயரைப் போடாதே.

இப்படிக்கு,
என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா ஞானேஸ்வரி