ஒரே ஒரு ரசிகர் உள்ள ரசிகர் மன்றம்

அன்பு மகள் ஆஷ்லினுக்கு,

அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், உன் தம்பி கிளமென்டும் உடம்பளவில் நலம். நீ நலமாக இருப்பதாக ஃபோனில் சொல்வதை நாங்கள் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறோம், அதற்கு ஏற்றபடி இருந்துகொள். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நான் யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறான். விசா வந்த பிறகும் தம்பி அங்கே வருவானா மாட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதில் கடைசியில் வரும். நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் நீ நம்பமாட்டாய்.

நீ நர்ஸாக இருக்கிற அதே முதியோர் இல்லத்தில் அவனுக்கும் வேலை பேசி வைத்தாய், பெரியவர்களைக் குளிப்பாட்டி உடுத்தி உட்கார வைக்கிற வேலை. (பழகிக்கொள்ளட்டும் என்று நானே மணைபோட்டு உட்கார முன்வந்தேன், அவன் ஒப்பவில்லை.) இங்கிலீஷ் தேர்வில் எல்லாம் தேறியவன் காதால் கேட்டு எழுதுகிற பாகத்தில் மட்டும் தவறிவிட்டான். விசா வேலை பார்க்கிற நாகூர் அப்துல் ஜலீல் பாய், தம்பிக்கு மூளை இருக்கு, காதுதான் பழகலண்ணே என்றார். நீயும் யோசித்து, உங்கள் அயர்லாந்துக்காரர்கள் பேசுகிற மாதிரி காது பழகட்டும் என்று அங்கே புதிதாக வந்த ஒரு பாட்டு ஆல்பத்தை அனுப்பினாய். யாரோ அக்கா தங்கை இரண்டு பேர், ஒரு கிதார், ஒரு பிடில், பத்துப் பாட்டு. நல்ல யோசனைதான். தேவைக்கு மேல் பலித்துவிட்டது, அவ்வளவுதான் குறை. மறுபடி எழுதிய தேர்வில் நல்ல மார்க் வாங்கினான், அதற்குள் ரசிகனாகியும் விட்டான். சினிமா ரசிகனாக ஆகியிருந்தால் எனக்கு வழி தெரியும். கட்அவுட் வைப்பான், பால் ஊற்றுவான், பிறகு ஒரு கட்சியில் சேர்ந்து வார்டு மெம்பராவான், பெற்றவர்களுக்கு அதில் ஒரு நிம்மதி உண்டு. பாடகனாகப் போகிறேன் என்றாலும் குரலைக் குறை சொல்லித் தடுக்கலாம். வெறும் ரசிகனை எதைச் சொல்லித் தடுப்பது? அந்தப் பாட்டை இந்தியாவிலேயே தான் ஒருவன்தான் கேட்கிறான் என்று அவனுக்குப் பெருமை வேறு. தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவனே. அந்தப் பெண்கள் ஸ்டூடியோவுக்குப் போகாமல் தங்கள் வீட்டு அடுப்படியிலேயே பாடிப் பதிவு செய்தார்களாம், மூன்றாம் பாட்டில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறது, அதுதான் உயிர் என்கிறான். உன் அம்மா கல்யாணமானது முதல் அதே சத்தத்தை எழுப்பிக்கொண்டிருக்கிறாள், ஒரு நாளும் அவன் திரும்பிப் பார்த்ததில்லை. வயல் வரப்பில் எனக்கு ஒரு காதில் இயர்ஃபோனைச் செருகிவிட்டு வரி வரியாகத் தமிழில் சொன்னான். எல்லாப் பாட்டிலும் யாராவது ஊரை விட்டுப் போகிறார்கள், மிச்சமிருப்பவர்கள் மாட்டைக் கறக்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது, அதை அவனிடம் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் நம் மாதா கோயில் ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போனது. டிப்ளமோ படித்த பிள்ளை ஆயிற்றே என்று பங்குச் சாமியார் இவனிடம் கொடுத்தார். இவனும் நன்றாகவே சரிசெய்து, விடிந்தும் விடியாமல் மாட்டிவிட்டு, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க நாலாம் பாட்டைப் போட்டுவிட்டான். பூசை இல்லாத நேரத்தில் நம் கோயில் குழாய் ஸ்பீக்கரில் மெதுவான பாட்டு வந்தால் அதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான் என்பது உனக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் இன்னார் காலமானார் என்று பெயர் வரும். அன்றைக்குப் பாட்டு வந்தது, ஒரு பெண் பிடிலோடு சேர்ந்து உருகினாள், ஊரே வாசலில் நின்று காத்திருந்தது, பெயர் வரவில்லை, இன்னொரு பாட்டு வந்தது. சம்பா நடவுக்கு இறங்கியிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுக் கரையேறிவிட்டார்கள், அடக்கம் ஆகாமல் வயலில் கால் வைக்கமாட்டார்களே. என் பிரஷர் விஷயம் ஊரறிந்தது, அதனால் மேலத்தெருத் தங்கம்மாள் தலைவிரி கோலமாக, அண்ணே எங்களை விட்டுப் போயிட்டீங்களே என்று நேரே நம் வீட்டுக்குள் வந்தாள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வந்தவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். உட்காரும்மா என்றேன், உன் அம்மா அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். பின்னாலேயே மாலையோடு இரண்டு பேர் வந்தார்கள், மாலையைத் திரும்ப எடுத்துப்போக மனமில்லாமல் மாதா படத்துக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். நாற்று வெயிலில் கிடந்து வாடியது, நம் வயலுக்கு வரவேண்டிய முறைத் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போனது.

இவனைக் கூப்பிட்டு, சாவுப் பாட்டைப் போட்டு ஊரைக் கூட்டினாயே என்று சத்தம் போட்டேன். அது சாவுப் பாட்டு இல்லப்பா, கப்பலேறிப் போறவங்க பாட்டு என்றான். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் யாராவது அமெரிக்காவுக்குப் போனால் அதற்கு முந்தின இரவு பிணத்துக்குக் காவலிருக்கிற மாதிரியே ஊர் கூடி உட்கார்ந்து அழுவார்களாம், போகிறவன் உயிரோடு நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் குடிக்க ஊற்றிக்கொடுப்பானாம். திரும்பி வரமாட்டான் என்று தெரியும், இருக்கும்போதே அழுதுவிடலாம் என்று ஏற்பாடு. இவன் விளக்கியதைத் தங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அப்ப நாங்க சரியாத்தானே தம்பி வந்தோம், நீயுந்தான் போகப்போறியே, உனக்குன்னு வெச்சுக்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இவனுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மறுநாள், நான் போகலப்பா, அக்காகிட்ட சொல்லிடுங்க என்றுவிட்டான்.

உன்னிடம் சொல்லவில்லை. பேசிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். படித்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர், அதை நம்பி இறங்கினேன். கடைமடைக்குத் தண்ணியே வர்றதில்லடா, இங்க இருந்து என்ன செய்வ என்றேன். ஆறாம் பாட்டில் மீன் கிடைக்காத கடலுக்கும் அதே கதைதான் என்றான். உன் வயசில் இந்தத் தெருவில் யாராவது மிச்சமிருக்கிறானா பார் என்றேன். அதைத்தாம்பா ரெண்டாம் பாட்டில் சொல்றாங்க என்றான். நான் வாயைத் திறந்தால் அது ஏற்கெனவே ஆல்பத்தில் இருந்தது. அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அவள், போகலன்னா விடுங்களேன், அடிச்சா துரத்த முடியும் என்று சொல்லிவிட்டு நன்னிலம் போய் விரால் மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள், நாள் கிழமை ஒன்றுமில்லை. ஒரு நாள் அவனே என்னிடம், அக்கா இதை இங்கிலீஷுக்காக மட்டுந்தான் அனுப்புச்சாளா என்று கேட்டான். ஆமாம் என்று உனக்காக நானே பதில் சொல்லிவிட்டேன். தப்பாக இருந்தால் சொல்.

போன வாரம்தான் எல்லாம் மாறியது. இவன் அந்தப் பெண்களுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான், நம் வயலைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறான், இது என்ன புல் என்று கேட்டார்களாம். நான் அப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசியிருக்கமாட்டான், அவர்களுக்கு நெல்லைப் பற்றி இரண்டு பக்கம் பதில் எழுதியிருக்கிறான். அதற்கு நன்றி சொல்லி, டிசம்பரில் உங்கள் கார்க் நகரில் ஒரு கோயில் கூடத்தில் பாடுவதாக எழுதிவிட்டார்கள். அவர்கள் வெளியூருக்கு வருவதே அபூர்வமாம், தங்கைக்காரிக்குக் கோழிகளை விட்டு வர மனசு வராதாம். அன்று மாலையே இவன் ஜலீல் பாயைக் கூப்பிட்டு டிக்கெட் போடச் சொல்லிவிட்டான். ஊரை விட்டுப் போகிற துக்கத்தைப் பாடுகிறவர்களைக் கேட்க ஊரை விட்டுப் போகிறாயே, இது உனக்கே நியாயமாக இருக்கிறதா என்று கேட்டேன். நேர்ல கேட்டாத்தாம்பா தெரியும் என்றான். ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: வருகிறான். நவம்பர் கடைசியில் அங்கே இருப்பான்.

ஜலீல் பாய் வீடு தேடி வந்து என் கையைப் பிடித்து, எப்படியோ பேசி வழிக்குக் கொண்டுவந்துட்டீங்கண்ணே என்றார். நான் மறுக்கவில்லை. சாமியாரும் பாராட்டினார். நான் கேட்டது நடந்துவிட்டது, யாரிடம் போய் என்ன முறையிடுவது? உன் அம்மா பெட்டியில் ஊறுகாயை வைக்கிறாள், எடுக்கிறாள், எடை அதிகம் என்கிறாள், மறுபடி வைக்கிறாள். போகமாட்டேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் நான் காலையிலும் மாலையிலும் அவனைத் திட்டினேன், இரவில் நன்றாகத் தூங்கினேன். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், அவனுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தாலும் அது எந்தப் பாட்டில் வருகிறது என்று சொல்லிவிடுவான்.

அங்கே குளிர் அதிகம் என்கிறாய், காதை மூடாமல் வெளியே போகாதே, இரவு வேலை முடிந்து வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு. அவனை வேலையிடத்தில் அதட்டாதே, நீ அக்காதான் என்றாலும் அங்கே நாலு பேர் பார்ப்பார்கள். உங்கள் இரண்டு பேரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தக் கச்சேரிக்கு லீவு போட்டுவிட்டு நீயும் போய் அவன் பக்கத்தில் உட்கார். இவன் வயலில் தனியாகக் கேட்டே பழகியவன், பாட்டு ஆரம்பித்ததும் தன்னை மறந்து கூடவே உரக்கப் பாடுவான், சுருதி சேராது, சுற்றி இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நீ அவனை அடக்காதே. இங்கே அந்த வேலையை நாங்கள் போதுமான அளவு செய்துவிட்டோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
சகாயநாதன்