ஒரே பாயில் இரண்டு பிள்ளைகள்

மாசி 9, வியாழன்

இன்று திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் பண்ணை வீட்டு அம்மாவைப் பார்த்தேன். கடைசியாகப் பார்த்து இருபத்தைந்து வருடம் இருக்கும். அவரே கிட்டே வந்தார்.

"உன் பொண்ணு நடக்குறாளா, கமலா?"

"நடக்குறாம்மா. காலைக் கொஞ்சம் இழுத்துதான் நடப்பா. டீச்சரா இருக்கா."

அப்போது என் மகளுக்கும் அவர் மகனுக்கும் ஒன்றரை வயது. இருவருக்கும் கால் ஊன்றவில்லை. நாங்கள் குத்தகைக்கு உழுத அவர்கள் நிலத்துக்காக இரண்டு வீட்டு ஆண்களும் எதிரெதிராகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். நாங்களோ செவ்வாய்தோறும் பிள்ளைகளுக்குக் கால் பயிற்சி கொடுக்கும் மையத்தில் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். பெற்றவளிடம் பிள்ளை அடம்பிடிக்கும் என்று அங்கே பயிற்சி கொடுத்த அக்கா பிள்ளைகளை மாற்றிக் கொடுப்பார். பண்ணை வீட்டு அம்மாவின் மகனை மடியில் போட்டு நான் காலை நீவிவிடுவேன். அவர் என் மகளை நிற்கவைத்துப் பாடுவார். எவ்வளவு சிரித்திருக்கிறோம்!

நாங்கள் ஒன்றாக உட்காருவது தெரிந்ததும் அவர் வீட்டில் மையத்துக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.

"தம்பி எப்படிம்மா இருக்கு?"

"சக்கர நாற்காலியிலதான். அப்ப உன்னைக் கண்டாலே சிரிப்பான். ஒரு தடவை வந்து பாரேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது பயந்துகொண்டே இவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "என்னைக்குப் போறோம்?" என்று கேட்டார்.